இரண்டாம் கேமராவில் அம்மா

எங்கள் ஊட்டுக் கல்யாணத்துக்கு லைவ் மிக்ஸிங் செய்ய என்னையே போட்டுவிட்டார்கள். மாப்பிள்ளையின் தம்பி என்றால் மேடையில் நிற்க வேண்டும், வருகிறவர்களைக் கும்பிட வேண்டும், பட்டு வேட்டி அவிழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் எதுவும் எனக்கு வராது என்பது குடும்பத்துக்கே தெரியும். மிக்ஸிங் மேஜை மண்டபத்தின் கடைசியில், செருப்பு விடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது. என்னை வைப்பதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் அந்த மண்டபத்தில் இல்லை.

தகுதி என்று கேட்டால் இருக்கிறது. கோயமுத்தூரில் விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். போன வருஷக் கல்லூரி விழாவில் மேடையேறி, கூட்டத்தின் முன்னாலேயே இரண்டு படங்களைக் கலந்து காட்டினேன். ஒன்று முதல்வரின் வரவேற்புரை. இன்னொன்று எங்கள் பனியன் கம்பெனியில் துணி பின்னும் நிட்டிங் மெஷின். முதல்வர் வாயைத் திறக்கும்போதெல்லாம் துணி இறங்கிக்கொண்டே இருந்தது. கூட்டம் நன்றாகச் சிரித்தது. நிர்வாகம் என்னை ஒரு வாரம் வீட்டில் ஓய்வெடுக்கச் சொன்னது. அந்த வாரத்தில்தான் நான் என்ன படிக்கிறேன் என்று அப்பா முதல் தடவையாக விசாரித்தார். சொன்னேன். அவர் யோசித்தார்.

"அப்ப மகுடேஸ்வரன் கல்யாணத்துக்கு வெளிய ஆள் சொல்ல வேண்டியதில்லையல்ல கண்ணு" என்றார்.

"வேண்டியதில்லீங்கப்பா."

என் மூன்று வருஷப் படிப்பைப் பற்றி நாங்கள் பேசியது இவ்வளவுதான்.

அப்பா லிங்கசாமிக்கு முதலிபாளையத்தில் பனியன் கம்பெனி. அண்ணன் மகுடேஸ்வரன் அதை அவரோடு சேர்ந்து பார்த்துக்கொள்கிறார். அண்ணி அனுசுயா குன்னத்தூர்ப் பெண். இந்தக் கதையில் அண்ணி எதுவும் செய்யப் போவதில்லை. அது அவர் குற்றமில்லை, கல்யாணப் பெண்ணுக்கு எந்தக் கல்யாணத்திலும் பெரிய வேலை கிடையாது.

அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு அக்கா உண்டு. தரணி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கம்பெனி கட்டிங் மாஸ்டர் பூபாலனைக் கட்டிக்கொண்டாள். பூபாலனுடைய அப்பா நல்லான் எங்கள் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அவர் தண்ணீர் குடிக்க எங்கள் வீட்டில் தனி டம்ளர் இருந்தது. இவ்வளவு சொன்னால் மிச்சம் புரிந்துவிடும். எங்கள் வீட்டில் ஜாதி என்ற சொல்லை ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. "நமக்கு ஒத்து வராதுங்க" என்றார்கள். "பழக்கவழக்கம் வேறீங்க" என்றார்கள். நாகரிகமான குடும்பம், மரியாதையாகப் பேசியே அவளைத் தலைமுழுகினார்கள்.

மரியாதை குறைந்தது ஒரே ஒரு நாள். அன்று அப்பா நாலு காரில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, அக்கா குடியிருந்த ராயபுரத்து வீட்டுக்குக் கிளம்பினார். அம்மா முதல் காருக்கு முன்னால் போய் நின்றாள். அம்மா பெயர் வள்ளியாத்தாள். தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தாள். இனி தரணியோடு பேச மாட்டேன். அவ ஊட்டுப் படி மிதிக்க மாட்டேன். அவளைக் கண்ணால் பார்க்க மாட்டேன். நீங்கள் அவர்களை ஒன்றும் செய்யக் கூடாது. அப்பா கொஞ்ச நேரம் நின்றார். விலை அவருக்குக் கட்டுப்படியானது போல. கார்கள் திரும்பின. ராத்திரிக்கு எல்லோரும் கோதுமை ரவை உப்புமா சாப்பிட்டோம்.

அம்மா சொன்ன சொல் மாறாத ஆள். மாறாததோடு நிற்கவில்லை. பார்க்க மாட்டேன் என்றால் அவள் பார்க்க முகத்தைக் காட்டவும் மாட்டேன் என்று தன் சத்தியத்துக்குத் தானே உரை எழுதிக்கொண்டாள். நான் போனைத் தூக்கினாலே முந்தானை முகத்துக்கு வந்துவிடும். "அது அவளுக்குப் போகும்" என்பாள். நான் ஒளிந்து ஒளிந்து எடுத்துக் கொடுத்ததெல்லாம் முதுகுதான். அம்மா அடுப்படியில், முதுகு. அம்மா துணி காயப்போடுகிறாள், முதுகு. அம்மா கோயிலில், முதுகு, பக்கத்தில் தேங்காய்த் தட்டு.

இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை. சண்டையும் இல்லை. கால் மரத்துப்போனால் தட்டியாவது பார்ப்போம். நாங்கள் அதுகூடச் செய்யவில்லை. மரத்த காலோடு சாப்பிட்டோம், கம்பெனிக்குப் போனோம், அண்ணனுக்குப் பெண் பார்த்தோம்.

சத்தியம் எதுவும் செய்யாதவன் நான் ஒருவன்தான். அதனால் ராயபுரத்துக்கு நான் மட்டும் போய்வருவேன். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் போனபோது அக்கா பனியன் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். தைத்த இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சின்னக் கத்தரியால் நறுக்குகிற வேலை. கம்பெனி முதலாளி மகள் என்பதால் நன்றாகவே செய்தாள்.

"லைவ் லிங்க் அனுப்பட்டுமா?" என்றேன்.

"லிங்க் கெடக்குது. மூணு பேரு அனுப்பீட்டாங்க. நம்மாளுகளுக்கு என்னோட பேசத்தான் ஆகாது, ஃபார்வர்டு பண்றதுக்கு ஆகும்."

"பின்ன என்ன வேணும்?"

"மேடையில முந்தானையப் போட்டு மூட முடியாதல்ல. அம்மா மொகத்த ஒருக்கா பக்கத்துல காட்டு."

"அவ்வளவுதானா?"

"மொகத்தடா. முதுகு வேண்டாம். முதுகு எங்கிட்ட நெறையா இருக்குது."

சரி என்றேன். கேமரா என் கையில், பொத்தான் என் கையில், அம்மா மேடையில். இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

கல்யாணத்தன்று மூன்று கேமரா. ஒன்று மாப்பிள்ளை பெண்ணுக்கு. மூன்றாவது கிரேனில், கூட்டத்தின் வழுக்கைகளுக்கு. இரண்டாவதை ராஜபாண்டியிடம் கொடுத்து, அக்கா கேட்டதை விளக்கி, அம்மா மேலேயே வைக்கச் சொன்னேன். ராஜபாண்டி உசிலம்பட்டிக்காரர். திருப்பூருக்கு டைலராக வந்து, ஒரு கல்யாணத்தில் கேமரா பிடித்தவரின் சாப்பாட்டு இலையைப் பார்த்துவிட்டுத் தொழிலை மாற்றிக்கொண்டவர். மூன்று கேமராவும் என் மேஜையில் தீப்பெட்டி அளவுக் கட்டங்களாக வரும். நான் எந்தப் பொத்தானை அமுக்குகிறேனோ அந்தக் கட்டம் மட்டும் மண்டபத்துத் திரைகளுக்கும் லைவுக்கும் போகும். மற்ற கட்டங்களைப் பார்ப்பவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

முதலில் இணைச்சீர். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலிக்கு முன்னால் மாப்பிள்ளையோடு அவன் கூடப்பிறந்தவள் சரிசமமாக உட்கார்ந்து வாங்கிக்கொள்ளும் சீர் இது. அவளும் மணப்பெண் மாதிரியே நகையும் பட்டுமாக வருவாள். கூடப்பிறந்தவள் இல்லாவிட்டால் சித்தப்பா மகளோ பெரியப்பா மகளோ உட்காரலாம். எங்களுக்குச் சித்தப்பா மகள் வர்ஷினி உட்கார்ந்தாள். கூடப்பிறந்தவள் இல்லாத வீடு என்று எல்லோரும் சேர்ந்து நம்பினோம். வர்ஷினி நன்றாகச் சிரித்தாள். முதலாம் கேமரா அவளை நன்றாகக் காட்டியது.

அம்மா பின்னால் நின்றாள். தலை குனிந்தபடி.

காதில் மாட்டியிருந்த கருவியில் ராஜபாண்டி வந்தார். "தம்பி, நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். வகிடும் பூவும்தான்யா தெரியுது."

"கேமராவைக் கீழ இறக்கிப் பாருங்கண்ணா."

"எறக்கியாச்சு. இதுக்கு மேல எறக்குனா நான் தரையிலதான் படுக்கணும்."

"படுங்க."

"படுத்தா மூக்கு ஓட்டதான்யா தெரியும். ரெண்டு வருசம் கழிச்சு மகளுக்குக் காட்டறது மூக்கு ஓட்டையா?"

நான் கிரேன் பொத்தானை அமுக்கிக் கொஞ்சம் வழுக்கைகளைக் காட்டினேன்.

"எங்காத்தா ஒச்சாயி வீடியோ கால் போட்டா நெத்திய மட்டும் காட்டும்" என்றார் அவராகவே. "அந்த நெத்தியோடயே பேசி முடிச்சு வச்சுருவேன். பழகிக்கிறதுதான்."

இணைச்சீர் முடிந்து வர்ஷினி எழுந்தாள். அம்மா நிமிரவில்லை. பெண்ணை அழைத்து வந்தார்கள். அம்மா நிமிரவில்லை. சம்பந்தி அம்மா ஏதோ சொன்னதற்குத் தலையை ஆட்டினாள். அதையும் குனிந்தே ஆட்டினாள். கேமரா எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும் போலிருந்தது. இன்னும் கால் மணி நேரத்தில், கல்யாணத்தை நடத்திவைக்கும் அருமைக்காரர் தாலியை எடுத்துக் கொடுப்பார். அது முடிந்தால் மேடையில் போட்டோ வரிசை நிற்கும். அம்மா சமையல்கட்டுக்குப் போய்விடுவாள்.

அப்போதுதான் வெளிநாட்டுப் பொத்தான் கண்ணில் பட்டது.

கல்யாணத்துக்கு வர முடியாத சொந்தக்காரர்கள் திரையில் தோன்றி வாழ்த்த வேண்டும் என்பது அப்பாவின் ஏற்பாடு. அதற்கு ஒரு வீடியோ கால். அதில் யார் வந்தாலும் என் மேஜையில் நாலாவது கட்டமாக வருவார்கள். காலையில் அமெரிக்காவிலிருந்து பெரியப்பா மகள் தேஜஸ்ரீ வந்து, சத்தமே வராமல் ரொம்ப நேரம் வாழ்த்திவிட்டுப் போயிருந்தாள். இப்போது அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

மேடையில் நிற்பவர்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள, எனக்குத் தலைக்கு மேலே, மேடைக்கு நேர் எதிரே ஒரு பெரிய திரை வைத்திருந்தார்கள். அக்கா முகத்தை அதில் போட்டால் அம்மா நிமிர்ந்தே ஆக வேண்டும். நிமிர்ந்த அடுத்த விநாடி இரண்டாம் கேமராவைப் போட்டுவிட்டால் அம்மா முகம் லைவில் போய்விடும். இரண்டு பொத்தான். நாலு, ரெண்டு.

இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே திரையில் போடலாமே என்று மிக்ஸிங் தெரிந்தவர்கள் கேட்பார்கள். போடலாம். அதற்கான பொத்தானில் நான் ஏற்கெனவே ரோஜாப்பூ வைத்த இதய வடிவச் சட்டத்தை ஏற்றியிருந்தேன். அதை அமுக்கினால் அம்மாவும் அக்காவும் மகுடேஸ்வரன் வெட்ஸ் அனுசுயா என்ற எழுத்துக்கு மேலே இதயத்துக்குள் சுற்றுவார்கள். என்னாலேயே அதைச் செய்ய முடியவில்லை.

அக்காவுக்குப் போன் போட்டேன். "நான் அனுப்பற வீடியோ கால் லிங்க்குல வா."

"எதுக்கு?"

"நீ வந்தாத்தான் அம்மா நிமுரும். ரெண்டு செகண்டு. அதுக்குள்ள அம்மாவக் காட்டீர்றேன்."

 

"அம்மா சத்தியம் பண்ணியிருக்குதுடா."

"அது அம்மா பாடு."

"அப்பா?"

"அருமைக்காரர் பக்கத்துல நிப்பாரு. அவருக்கு அந்நேரத்துல தாலியத் தவிர ஒண்ணும் தெரியாது."

"பிரச்சனையாயிரும்."

"உனக்கு முதுகு போதும்னா சொல்லு."

போனை வைத்துவிட்டாள். சரி, அவ்வளவுதான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் நாலாவது கட்டம் வெளிச்சமானது.

பிளாஸ்டிக் நாற்காலியில் மஞ்சள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலை நிறையப் பூ. நான் கூப்பிட்டதால் உடுத்தியது இல்லை அது. மடிப்பெல்லாம் கசங்கியிருந்தது. விடிகாலையிலிருந்து பட்டு கட்டிக்கொண்டுதான் போனில் கல்யாணம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பின்னால் பனியன் குவியலை ஒரு பெட்ஷீட்டால் மூடியிருந்தாள். அவள் போன் என்னோடு வீடியோ காலில் இருந்தது. லைவ் பூபாலன் மாமாவின் போனில் ஓடியது, அதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். லைவ் என்பது பெயர்தானே தவிர வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அரை நிமிஷம் பழசாகிவிடும். அவள் மடியில் ஒரு கிண்ணம் இருந்தது. மஞ்சள் அரிசி.

இந்த இடத்தில் அரிசியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாலி கட்டும்போது மணமக்கள் தலையில் விழட்டும் என்று எல்லோரும் அட்சதை போடுவது வழக்கம். ஆனால் இப்போதெல்லாம் மேடையில் மணமக்கள் தெரிவதில்லை. அவர்களைச் சுற்றி ஒரு டஜன் போட்டோக்காரர்களின் பின்புறம்தான் தெரிகிறது. கூட்டம் திரையைப் பார்த்துத்தான் கல்யாணம் பார்க்கிறது. திரையைப் பார்த்து அழுகிறது. கெட்டிமேளம் கேட்டதும், அவரவருக்குப் பக்கத்தில் எந்தத் திரை இருக்கிறதோ அதன் மேலேயே அரிசியைப் போட்டுவிடுகிறது. கை அப்படிப் பழகிவிட்டது. பந்தியில் இருப்பவர்கள்கூட இட்லியை வைத்துவிட்டு எழுந்து, சாப்பாட்டுக் கூடத்துத் திரைக்குப் போட்டுவிட்டு உட்காருவார்கள். திரையை வாடகைக்கு விட்டவர் கெஞ்சி எழுதி ஒட்டிய தாளின் மேலேயும் அரிசி விழும்.

அருமைக்காரர் தாலியைக் கையில் எடுத்தார். எல்லோரும் எழுந்தார்கள். இரண்டாம் கட்டத்தில் வகிடும் பூவும். நாலாம் பொத்தானை அமுக்கினேன்.

எல்லாத் திரையிலும் தரணி வந்தாள்.

அதே நேரத்தில் மேளக்காரர் கெட்டிமேளத்தை எடுத்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை, அருமைக்காரர் விரலை ஆட்டினார், அவர் அடித்தார். நான் நினைத்திருந்ததைவிட அது கொஞ்சம் முந்திவிட்டது, அவ்வளவுதான். அறுநூறு பேர் கையைத் தூக்கினார்கள். அறுநூறு பேரும் திரையைப் பார்த்து என் அக்காவின் மேல் அரிசி போட்டார்கள்.

கல்யாணத்துக்குக் கூப்பிடக் கூடாது என்றவர்கள் போட்டார்கள். அவளைப் பெற்றதற்குப் பதில் நாலு தென்னையை வைத்திருக்கலாம் என்று அப்பாவிடம் சொன்ன மாமா போட்டார். நாலு காரில் ஏறியவர்களில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். அவர்களும் போட்டார்கள். பந்தியிலிருந்து எச்சில் கையோடு ஓடிவந்தவர்கள் இடது கையால் என் தலைக்கு மேலிருந்த திரையில் போட்டார்கள். அதில் முக்கால்வாசி என்மேலும் மேஜைமேலும் விழுந்தது.

இரண்டாம் கட்டத்தில் அம்மா நிமிர்ந்தாள்.

"ரெண்டு" என்றார் ராஜபாண்டி காதில். "ரெண்டப் போடு தம்பி. ரெண்டு, ரெண்டு."

கேட்டது. நன்றாகவே கேட்டது. விரல் பொத்தான் மேல்தான் இருந்தது. அது என் விரல் என்பதற்கு நான் சாட்சி. ஆனால் அமுக்கவில்லை. அந்தத் தீப்பெட்டிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா கண்ணைச் சுருக்கினாள். வாய் கொஞ்சம் திறந்தது. வலது கை தானாக மேலே வந்து, விரிந்து, அரிசியைப் போட்டது. பிறகு தலை குனிந்துகொண்டது.

அப்போது அமுக்கினேன். எல்லாத் திரையிலும் வகிடும் பூவும் வந்தது. லைவிலும் அதுதான் போனது.

அண்ணன் இதற்குள் மூன்று முடிச்சும் போட்டு முடித்திருந்தார். அது எந்தத் திரையிலும் வரவில்லை.

மண்டபத்தில் ஒன்றும் நடக்கவில்லை. இதைச் சொன்னால் நண்பர்கள் நம்புவதில்லை. யாரும் கத்தவில்லை. தெரிந்தவர்கள் திரையைப் பார்த்தார்கள், அப்பாவைப் பார்த்தார்கள், அப்புறம் பந்தியைப் பார்த்துப் போனார்கள். தெரியாதவர்கள் நிறையப் பேர். என் மேஜையைத் தாண்டிய இரண்டு பெண்களில் ஒருவர், "அந்தப் புள்ள ஆருங்க?" என்றார். "லிங்கசாமியோட அண்ணன் மக தேஜஸ்ரீயாட்ட இருக்குது, அமெரிக்காவுல இருக்குதே, அதுதான்" என்றார் மற்றவர். "அமெரிக்காவுக்கே போனாலும் பட்டுச்சேலையும் பூவுமா உக்காந்திருக்குது பாருங்க. நம்ம புள்ளைகளும் இருக்குதுகளே." அக்காவுக்கு ஊரில் யாரும் இவ்வளவு நல்ல பெயர் கொடுத்ததில்லை.

அப்பா சாவகாசமாக வந்தார்.

"காப்பி குடிச்சியா கண்ணு?"

"குடிச்சேனுங்க."

மேஜையைப் பார்த்தார். "இதுல எந்தப் பட்டன் எது?"

"இது ஒண்ணுங்க. இது ரெண்டுங்க. இது வெளிநாட்டுக்காரங்களுக்குங்க."

"வெளிநாட்டுப் பட்டன் தவறி அமுங்கீருச்சு."

அவர் என்னிடம் கேட்கவில்லை. ஆனாலும் பதில் சொன்னேன். "ஆமாங்கப்பா."

"ஆரு கேட்டாலும் அப்படியே சொல்லீரு. ரிக்கார்டுல அந்தத் துண்ட எடுத்துரு."

"எடுத்தர்றேனுங்க."

போகப் போனவர் நின்று, பொத்தான்களுக்கு நடுவில் கிடந்த அரிசியை விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். "உள்ள போச்சுன்னா மெசின் கெட்டுரும்" என்றார். பொறுக்கியதைக் கீழே போடவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். குப்பைத்தொட்டி பக்கத்தில் இல்லாததால் இருக்கலாம்.

நான் ராஜபாண்டியைத் தேடிப் போனேன். அவர் வயர் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, உங்க கேமராவுல பதிவாகியிருக்குதுங்களா?"

"எதுல பதியும்? நீதானய்யா கார்டு வேணாம், எல்லாம் மேசையிலயே பதியுதுன்ன."

மேஜையில் பதிவாவது திரைக்குப் போனது மட்டும்தான். அம்மா முகம் திரைக்குப் போகவில்லை.

"பாத்தீங்களா?" என்றேன்.

"பாத்தேன். நான் ஃபோகஸத்தான் பாத்தேன். நல்லா சார்ப்பா இருந்துச்சு." வயரைத் தோளில் மாட்டிக்கொண்டார். "விடுப்பா" என்றார்.

அம்மா தாம்பூலப் பைக் கூடையோடு வந்தாள். என் பக்கத்தில் நின்றாள், ஆனால் வாசலைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நான் டிவிதான் பாத்தேன்."

"ஆமாங்கம்மா."

"டிவி பாக்க மாட்டேன்னு நான் சத்தியம் பண்ணல."

"இல்லீங்க."

கூடையை இடுப்பில் மாற்றி வைத்தாள். "மஞ்சப் பட்டு" என்றாள். "அது நான் எடுத்துக் குடுத்ததில்ல." அக்காவிடம் இருந்த சேலை ஒவ்வொன்றையும் அம்மாதான் கடையில் உட்கார்ந்து எடுத்தவள். இது அவளுக்குத் தெரியாத சேலை. அதைச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போய், வெளியே போகிறவர்களுக்குப் பை கொடுக்க ஆரம்பித்தாள். ஒவ்வொருத்தரையும் நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டாள். அதற்குள் கேமரா எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துவிட்டிருந்தோம்.

மத்தியானம் மண்டபத்துக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அம்மா பாத்துச்சா?" என்றாள்.

"பாத்துச்சு."

"நான் பாக்கல. கெட்டிமேளம் கேட்டுச்சு. அரிசிய அள்ளீட்டு நிமுந்து பாத்தா போன்ல நாந்தான் உக்காந்திருக்கறேன். எனக்கு நானே போட்டுக்கறதான்னு அப்படியே இருந்துட்டேன். பொறகு பூவு வந்துச்சு."

"ஆமாம்."

"ரெண்டு செகண்டுன்ன."

"வெரல் வரல."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"எடுத்தது எதுலயும் இல்லியா?"

"இல்ல. நான் மட்டுந்தான் பாத்தேன்."

"அப்ப நீ சொல்லு. மொகம் எப்படி இருந்துச்சு?"

இதற்கு நான் தயாராக வரவில்லை. படம் காட்டுவதற்குத்தான் படிக்கிறேன், சொல்வதற்கு இல்லை. முகம் எப்படி இருந்தது என்றால், முகம் மாதிரி இருந்தது. 

"பஸ் போர்டு படிக்கற மாதிரி" என்றேன். "தூரத்துல பஸ் வந்தா அம்மா கண்ணச் சுருக்கிப் பாக்குமல்ல. நம்ம பஸ்ஸா, வேற ஊரு பஸ்ஸான்னு. அந்த மாதிரி பாத்துச்சு."

"கண்ணாடி போடலியா?"

"டாக்டரு எழுதிக் குடுத்திருக்கறாங்க. போட மாட்டேங்குது."

"முடி?"

"காதுகிட்ட நரைச்சிருக்குது."

"கன்னம்?"

"கொஞ்சம் உள்ள போயிருக்குது. வலது பக்கம் பல்லு ஒண்ணு எடுத்துச்சு, அதுனால இருக்கும்."

"எப்ப எடுத்துச்சு?"

"ஆடியில."

அவள் அதை வாங்கி வைத்துக்கொண்டாள் போல.  ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"அழுதுச்சா?"

"இல்ல."

"அரிசி போட்டுச்சா?"

"போட்டுச்சு."

"எனக்கா, அண்ணனுக்கா?"

நான் கண்ணை மூடி மேடையை நினைத்துப் பார்த்தேன். அண்ணனும் அண்ணியும் அம்மாவுக்கு இடது பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். திரை அம்மாவுக்கு நேர் எதிரே இருந்தது.

"அண்ணன் இடது பக்கம் இருந்தாங்க" என்றேன். "அம்மா நேரா போட்டுச்சு."



"மொதல்ல இருந்து சொல்லு" என்றாள்.

"தலையக் குனிஞ்சு நின்னுட்டு இருந்துச்சு" என்று ஆரம்பித்தேன்.